பூண்டு, ட்ராம், மியூ மெட்டல்: காந்தத்தை வெளியே நிறுத்திய ஓர் அறையின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிக்கலாம்.

உங்க இதயம் துடிக்கிற ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ள மின்சாரம் ஓடுது. ஈசிஜி எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டுகிறார்களே, அந்தப் பட்டைகள் பிடிப்பது அதைத்தான். மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும். இது பள்ளிக்கூடப் பாடம். அப்போ இதயத்தைச் சுற்றியும் ஒரு காந்தப்புலம் இருக்கணும் இல்லையா? இருக்கு. நெஞ்சுக்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் சுமார் 50 பிகோடெஸ்லா வரும். பிகோ என்றால் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு. மூளையின் காந்தப்புலம் இன்னும் நூறு மடங்குக்கு மேல் சிறியது.

இப்போ நீங்க சென்னையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கிட்டு இருந்தால், உங்களைச் சுற்றி இருக்கும் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. இதயத்தோடதை விட ஏறக்குறைய பத்து லட்சம் மடங்கு. மூளையோட ஒப்பிட்டால் கணக்கு கோடிகளில் போகும்.

பூமியின் புலம் அசையாமல் அப்படியே இருந்தால்கூடப் பரவாயில்லை, கழித்துவிடலாம். அதற்குள் உங்கள் கருவி ஒரு மயிரிழை அதிர்ந்தாலும் அது சிக்னலாகத் தெரியும். போதாததுக்கு ஊர்ல லிஃப்ட் ஏறி இறங்குது, மின்ரயில் போகுது, சுவருக்குள்ள ஒயர் ஓடுது. பட்டாசுக் கடை தீப்பிடித்து எரியும்போது பக்கத்தில் நின்று கொசுவின் ரீங்காரத்தைக் கேட்கச் சொன்ன மாதிரி.

ஆனாலும் இதயத்தையும் மூளையையும் காந்த வழியாக அளந்துவிட்டார்கள். அந்தக் கதையை யாராவது சொன்னால் வழக்கமாக ஸ்க்விட் என்ற உணர்கருவியைப் பற்றித்தான் பேசுவார்கள். அதன் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது, அதனால் புகழும் அதுக்குத்தான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. கருவியை வைத்த அறையை யாரும் பேசுவதில்லை. அறை இல்லாமல் அந்தக் கருவி பாதி ஊமை. அதனால் இன்னைக்கு அறைதான் ஹீரோ.

முதலில் பூண்டு

காந்தத்தை எது தடுக்கும்? பழைய காலத்தில் இதுக்கு ஒரு பதில் இருந்தது: பூண்டு. சிரிக்காதீங்க. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் காலத்திலிருந்தே, காந்தத்தில் பூண்டைத் தேய்த்தால் அதன் சக்தி போய்விடும் என்று எழுதி வைத்திருந்தார்கள். பூண்டு தின்றுவிட்டுத் திசைகாட்டி பக்கம் மாலுமிகள் போகக்கூடாது என்று ஒரு நம்பிக்கையும் சுற்றிக்கொண்டிருந்தது. வைரத்துக்கும் இதே பேர் உண்டு.

16ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸைச் சேர்ந்த ஜாம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா இதை மாலுமிகளிடமே கேட்டார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். உயிரை விட்டாலும் விடுவோம், வெங்காயத்தையும் பூண்டையும் விடமாட்டோம் என்கிற பாணியில் பதில் வந்ததாக எழுதுகிறார். அதோடு நிற்காமல், தானே பூண்டு தின்று காந்தக்கல் மேல் ஏப்பம் விட்டும் பார்த்தார், பூண்டுச் சாற்றைப் பூசியும் பார்த்தார். காந்தம் எந்தக் கவலையும் இல்லாமல் இரும்பை இழுத்தது.

1600இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கில்பர்ட் காந்தத்தைப் பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். வைரத்துக்கும் காந்த சக்தி உண்டா என்று பார்க்க 75 வைரங்களை வைத்துச் சாட்சிகள் முன்னால் சோதித்த மனிதர் அவர். பலகை, மண்பாண்டம், சலவைக்கல் எல்லாவற்றையும் காந்தம் ஊடுருவிப் போகிறது, ஓர் இரும்புத் தகடுதான் குறுக்கே நிற்கிறது என்றார்.

இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும். இரும்பு காந்தத்தைத் தடுக்குதுன்னு சொல்றோம், ஆனா சரியாப் பார்த்தா அது தடுக்கறதே இல்லை. மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வருதுன்னா என்ன பண்ணுவோம்? தண்ணியை நிறுத்த முடியாது. வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டுவோம். தண்ணி பள்ளம் பார்த்து அதில் இறங்கிச் சுற்றிப் போயிடும். காந்தக் கவசமும் அதேதான். காந்தக் கோடுகளுக்குக் காற்றை விட இரும்புக்குள் போவது பல மடங்கு சுலபம். ஒரு பெட்டியைச் சுற்றி இரும்பு இருந்தால் கோடுகள் அந்த இரும்புக்குள் இறங்கி, பெட்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் வெளியேறும். உள்ளே இருப்பவர் நனையமாட்டார். முழுசா இல்லைன்னாலும் பெரும்பாலும் நனையமாட்டார். இந்த 'பெரும்பாலும்' தான் அடுத்த நானூறு வருஷத்துப் பிரச்சினை.

கப்பலில் ஒரு கருவி

1858. அயர்லாந்துக்கும் வட அமெரிக்காவுக்கும் நடுவே அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போடுகிறார்கள். ஆகமெம்னான், நயாகரா என்று இரண்டு கப்பல்கள். கடலடிக் கம்பிக்கு மேல் இரும்புக் கம்பிகளால் கவசம் சுற்றியிருக்கும். அவ்வளவு இரும்பு கப்பலில் சுருண்டு கிடந்ததால் நயாகராவின் திசைகாட்டியே குழம்பிவிட்டது. கார்கன் என்ற இன்னொரு கப்பல் முன்னால் போய் வழிகாட்ட வேண்டியதாயிற்று.

கம்பியின் மறுமுனையில் வந்து சேரும் மின்சாரமோ மிகக் குறைவு. அதைப் பிடிக்க வில்லியம் தாம்சன் ஒரு கருவி செய்தார். பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்டவர் இவர்தான். சின்னக் கண்ணாடியின் முதுகில் துக்கடாக் காந்தங்களை ஒட்டி, சுருளுக்குள் தொங்கவிடுவார். கண்ணாடி இம்மி திரும்பினாலும் அதில் பட்டுத் தெறிக்கும் ஒளிப்பொட்டு அளவுகோலில் நகரும். கரையில் இது அருமையாக வேலை செய்யும். கப்பலில்? ஒவ்வொரு முறை கப்பல் திரும்பும்போதும் பூமியின் புலம் வேறு பக்கமிருந்து வருகிறது, கூடவே கப்பலின் இரும்பு வேறு. எனவே கப்பலுக்கான கால்வனோமீட்டரைத் தடித்த இரும்புக் கூட்டுக்குள் வைத்தார் தாம்சன். நுட்பமான ஓர் உணர்கருவியை ஊரின் காந்தத்திலிருந்து காப்பாற்ற ஒரு பெட்டி. நம்ம ஹீரோவோட தாத்தா இவர்தான்.

1894இல் ஆர்தர் ரூக்கர் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார். ஒரே தடித்த கோளக் கூடு நல்லதா, அல்லது அதே இரும்பை மெல்லிய கூடுகளாக்கி ஒன்றுக்குள் ஒன்றாக இடைவெளி விட்டு வைப்பது நல்லதா? இரண்டாவதுதான். முதல் கூடு கசியவிட்டதில் பெரும்பகுதியை இரண்டாவது கூடு திருப்பிவிடும், அது விட்டதை மூன்றாவது. கணக்குக்குச் சொல்றேன்: ஒவ்வொன்றும் ஐம்பதில் ஒரு பங்கை மட்டும் விட்டால், இரண்டு சேர்ந்து 2,500இல் ஒரு பங்கைத்தான் விடும். நிஜத்தில் அவ்வளவு கிடைக்காது, ஆனால் பெருக்கல் மாதிரிதான் ஏறும். நடுவில் இருக்கும் காற்று இடைவெளி வெறும் காலியிடமில்லை, கவசத்தில் அதுவும் ஒரு பகுதி.

ஊரை விட்டு ஓடியவர்கள்

கவசம் போட முடியாத ஆட்களும் இருந்தார்கள். பூமியின் காந்தத்தையே அளப்பவர்கள் என்ன பண்ணுவாங்க? இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் அளக்க வந்த விஷயமே வெளியே நின்றுவிடுமே.

மும்பை கொலாபாவில் ஒரு காந்த ஆய்வகம் இருந்தது. 1859 செப்டம்பரில் வரலாற்றின் மிகப் பெரிய சூரியப் புயல்களில் ஒன்று பூமியைத் தாக்கியபோது, காந்தப்புலம் 1,600 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்ததைப் பதிந்து வைத்தவர்கள் கொலாபாக்காரர்கள். இன்றும் அந்தப் புயலைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தப் பதிவைத்தான் தேடிப் போகிறார்கள்.

1900களின் தொடக்கத்தில் மும்பையின் குதிரை ட்ராமை மின்சார ட்ராமாக்கத் திட்டம் வந்தது. ட்ராமின் மின்சாரம் தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது ஒரு பகுதி மண்ணுக்குள் கசியும். காந்த ஆய்வகத்துக்கு அது விஷம். அப்போது இயக்குநராக இருந்தவர் நானாபாய் மூஸ், அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மும்பைக்குத் தெற்கே கடலைத் தாண்டி அலிபாகில் புது இடம் பார்த்தார்கள். காந்தத் தன்மை இல்லாத போர்பந்தர் கல்லால் கட்டடம் எழுந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது, 1904 முதல் 1906 வரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்தார்கள் என்பது. பழைய பதிவும் புதிய பதிவும் ஒரே தொடராக ஒட்ட வேண்டுமே! 1907இல் மின்சார ட்ராம் ஓட ஆரம்பிக்கும்போது காந்தமானிகள் ஊரை விட்டுக் கிளம்பியிருந்தன. இதே ட்ராம் தொல்லையால்தான் லண்டன் பக்கத்துக் கியூ ஆய்வகத்தின் காந்தப் பணியும் ஸ்காட்லாந்தின் எஸ்க்டேல்மூருக்கு, ஆள் அரவமில்லாத மலைப்பக்கமாகப் போனது.

ஆக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுட்பமான காந்த அளவீடு என்றால் ஊருக்கு வெளியே ஓடு என்பதுதான் பொதுவான வழி. நோயாளியை அப்படி ஓடச் சொல்ல முடியாது என்பதைக் கவனிச்சுக்கோங்க.

கம்பிக்காகப் பிறந்த உலோகம்

இரும்பை விட நல்ல வாய்க்கால் வேண்டும். அது வந்த வழி விசித்திரம். கவசத்துக்காக யாரும் அதைத் தேடவில்லை, மறுபடியும் கடலடித் தந்திதான் காரணம்.

நீண்ட கம்பியில் தந்தித் துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். 1858 கம்பியில் விக்டோரியா மகாராணியின் வாழ்த்துச் செய்தி போய்ச் சேர 16 மணி நேரம் ஆனது. கம்பியின் மின்தூண்டலைக் கூட்டினால் குழப்பம் குறையும் என்று ஆலிவர் ஹெவிசைடு 1880களில் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். கூட்டுவது எப்படி? காந்தத்தை மிக எளிதாக உள்வாங்கும் ஓர் உலோகத்தைச் செம்புக் கம்பி மேல் சுற்றினால் போதும். அமெரிக்காவில் குஸ்டாஃப் எல்மென் நிக்கலும் இரும்பும் கலந்து பெர்மலாய் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்தார். லண்டனில் தந்திக் கம்பி செய்யும் நிறுவனத்தில் வேலை செய்த வில்லோபி ஸ்மித், ஹென்றி கார்னெட் இருவரும் 1923இல் அதில் கொஞ்சம் செம்பும் சேர்த்து மியூ மெட்டல் கொண்டுவந்தார்கள். மியூ என்பது இயற்பியலில் காந்த உட்புகு திறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்து, பெயர் அங்கிருந்து வந்தது. செம்பு சேர்த்ததால் மெல்லிய கம்பியாக இழுக்க வசதியாக இருந்தது.

இன்றைய மியூ மெட்டலில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல் நிக்கல். சாதாரண இரும்பை விடப் பல மடங்கு சுலபமாகக் காந்தக் கோடுகளை உள்ளே வாங்கிக்கொள்ளும். தந்திக் கம்பியின் காலம் முடிந்தது, உலோகத்துக்கு வேறு வேலை கிடைத்தது. மின்மாற்றி, ஆசிலோஸ்கோப் குழாய், ஒலிப்பதிவுக் கருவி என்று நுட்பமான எதைச் சுற்றியும் அதன் தகடு வந்து உட்கார்ந்தது.

ஆனால் இது ரொம்பக் கோபக்காரப் பொருள். வெட்டி, வளைத்து, பற்றவைத்து உருவம் கொடுத்த பிறகு ஹைட்ரஜன் நிரம்பிய உலையில் 1,100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி மெதுவாக ஆறவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் படிகங்கள் பெரிதாகி, அசுத்தம் வெளியேறி, முழுத் திறமை வரும். அதற்குப் பிறகு கீழே போட்டுவிட்டால்? ஒரு நல்ல அடி, ஒரு வளைவு, அவ்வளவுதான், திறமையில் பெரும் பகுதி போய்விடும். வெளியே பார்த்தால் எந்தக் காயமும் தெரியாது. சிலர் நினைக்கிற மாதிரி கடையில் தகடு வாங்கிக் கத்தரித்துச் சுற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாது.

இருபது லட்சம் சுற்று

இனி இதயத்துக்கு வருவோம். 1963இல் அமெரிக்காவின் சிரக்யூஸில் ஜெரால்டு பவுல், ரிச்சர்டு மெக்ஃபீ இருவரும் மனித இதயத்தின் காந்தப்புலத்தை முதல் முறையாகப் பிடித்ததாக அறிவித்தார்கள். கருவி என்ன தெரியுமா? கம்பிச் சுருள். இருபது லட்சம் சுற்று. இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்திருந்தார்கள். தூரத்திலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவு விழுந்து ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் இதயம் மட்டும் ஒன்றில் அதிகமாக விழும். இத்தனையும் செய்து, ஊர் இரைச்சலைத் தவிர்க்கத் திறந்த வெளிக்குப் போய் அளந்தார்கள். அலிபாக் வழி.

அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் டேவிட் கோஹன். கனடாவின் வினிபெக்கில் பிறந்தவர், அணு இயற்பியலில் பயிற்சி பெற்றவர். அவருக்குத் தோன்றியது வேறு: மனிதனை வயலுக்குக் கொண்டுபோவதற்குப் பதில், வயலின் அமைதியை ஓர் அறைக்குள் கொண்டுவர முடியாதா?

1968இல் சிகாகோவில் கவச அறைக்குள் பத்து லட்சம் சுற்றுச் சுருளை வைத்து மூளையைக் குறி வைத்தார். கண்ணை மூடி ஓய்வாக இருக்கும்போது மூளையில் விநாடிக்குப் பத்து முறை அளவில் ஓர் அலை எழும், ஆல்பா அலை. சுருளில் அது நேராகத் தெரியவில்லை, சுருளின் சொந்த இரைச்சல் மூடிவிட்டது. எனவே அதே நேரத்தில் தலையில் ஈஈஜி பட்டையும் வைத்து, அந்த அலையின் தாளத்தைப் பிடித்து, அதோடு பொருந்துமாறு காந்தப் பதிவை ஆயிரக்கணக்கான முறை அடுக்கிச் சராசரி எடுத்தார். சுமார் ஒரு பிகோடெஸ்லா உயரத்தில் அலை எழுந்து வந்தது. மூளையின் காந்தப்புலத்தின் முதல் பதிவு அது. விடை தெரிந்த கேள்விக்குத்தான் இந்த முறை பதில் சொல்லும், ஏனென்றால் ஈஈஜி கையைப் பிடித்துக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. அதுவே போதுமென்று கோஹன் உட்கார்ந்துவிடவில்லை.

26 முகம் கொண்ட அறை

1969இல் எம்ஐடிக்கு மாறினார். அங்கே புதிதாக ஓர் அறை கட்டினார். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து கூடுகள். மூன்று மாலிப்டினம் சேர்த்த பெர்மலாய், மியூ மெட்டலின் நெருங்கிய சொந்தம். இரண்டு அலுமினியம்.

அலுமினியம் காந்தத்தை இழுக்காதே, அது எதுக்கு? செம்புக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மெதுவாக இறங்கும் வீடியோ பார்த்திருப்பீங்க. மாறுகிற காந்தப்புலம் நல்ல கடத்தியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும், அது அந்த மாற்றத்தை எதிர்க்கும். அசையாத பூமிப் புலத்தின் முன் அலுமினியம் சும்மா நிற்கும். சுவர் ஒயரின் 60 ஹெர்ட்ஸ், அதற்கு மேல் வேகமாக மாறும் எல்லாவற்றையும் நன்றாக அடக்கும். மெதுவானதை பெர்மலாய் பார்த்துக்கொள்ளும், வேகமானதை அலுமினியம்.

கவசத்துக்குச் சிறந்த உருவம் கோளம். மூலை என்றாலே கசிவு. ஆனால் இந்தக் கோபக்கார உலோகத்தில் ஆள் உட்காரும் அளவுக்குக் கோளம் செய்வது பெரும்பாடு. கோஹன் தட்டையான பலகைகளைச் சேர்த்து 26 முகம் கொண்ட உருவமாக்கினார், 18 சதுரம், 8 முக்கோணம். படத்தில் பார்த்தால் விண்கலம் மாதிரி இருக்கும்.

இன்னொரு தந்திரம் எனக்கு ரொம்பப் பிடித்தது. படியில் அரிசி அளக்கும்போது பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் இன்னும் கொஞ்சம் இறங்கும் பாருங்க. பெர்மலாய்க்குள் சின்னச் சின்னக் காந்தப் பகுதிகள் இருக்கின்றன. வெளிப்புலம் மிகக் குறைவாக இருந்தால் அவை சோம்பேறித்தனமாகத் திரும்பாமல் கிடக்கும், கவசம் பலவீனமாகும். கூட்டைச் சுற்றிக் கம்பி போட்டு அதில் மாறுமின்னோட்டம் விட்டுத் தொடர்ந்து குலுக்கிக்கொண்டே இருந்தால் அவை எளிதில் திரும்பும், கவசம் பலப்படும். 1967இலேயே இதைப் பற்றி அவர் எழுதியிருந்தார். குலுக்கும் அதிர்வெண் தெரிந்த ஒன்று என்பதால் அதைப் பதிவிலிருந்து வடிகட்டிவிடலாம்.

அப்புறம் கதவு. ஆள் உள்ளே போகணுமே! கதவு என்றால் இடுக்கு. காந்தக் கோடு ஒரு தகட்டிலிருந்து அடுத்த தகட்டுக்குத் தாண்டும் இடத்தில் ஒரு தாள் அளவு காற்று இருந்தாலும் அது அங்கே வெளியே வழியும். அதனால் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிய வேண்டும், இறுக்கமாகவும் படிய வேண்டும். இன்றைய அறைகளில் காற்றழுத்தத்தால் கதவை அமுக்கிப் பிடிக்கிறார்கள். கவச அறை கட்டும் கலையில் பெரும்பகுதி இந்த மாதிரித் தச்சு வேலைதான் என்று சொன்னால் இயற்பியலாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

புத்தாண்டுக்கு முந்தைய நாள்

இதற்கிடையே வேறொரு பக்கம். 1962இல் கேம்பிரிட்ஜில் பிரையன் ஜோசப்சன் என்ற 22 வயது மாணவர், இரண்டு மீக்கடத்திகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தடுப்பைத் தாண்டி மின்னோட்டம் ஒரு வினோதமான விதத்தில் பாயும் என்று கணித்தார். அந்த நோபல் இதற்குத்தான், 1973இல். அதை வைத்து 1964இல் ஃபோர்டு கார் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்க்விட் செய்தார்கள். ஆமாம், கார் ஃபோர்டுதான். திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் வேலை செய்யும் ஒரு சின்ன வளையம். அன்றைக்கு உலகத்தில் இருந்த மிக நுட்பமான காந்தமானி. அந்தக் குழுவில் இருந்த ஜேம்ஸ் ஜிம்மர்மேன் அதை இன்னும் மெருகேற்றினார்.

மிக நுட்பமான கருவி ஒருவரிடம், மிக அமைதியான அறை இன்னொருவரிடம். இருவரையும் சேர்த்துவைத்தவர் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சி அலுவலகத்தைச் சேர்ந்த எட்கர் எடல்சாக். 1969 டிசம்பர் கடைசியில் ஜிம்மர்மேன் தன் ஸ்க்விட்டோடு எம்ஐடி வந்தார். கருவியை அறைக்குள் வைத்துத் தயார் செய்தார்கள். டிசம்பர் 31ஆம் தேதி, யாரையாவது அளந்து பார்க்க வேண்டும். ஜிம்மர்மேனே போய் நின்றார். அவருடைய இதயம் திரையில் வந்தது, ஈசிஜிக்கு இணையான தெளிவில்.

மூவர் பெயரிலும் 1970இல் கட்டுரை வந்தது. 1972இல் கோஹன் அதே அறையில் ஸ்க்விட் வைத்து மூளையின் ஆல்பா அலையை நேராகப் பதிந்தார். சராசரி வேண்டாம், ஈஈஜியின் துணையும் வேண்டாம். எம்இஜி என்று இன்று சொல்கிற துறை அங்கே பிறந்தது.

இங்கே ஒரு கருத்து வேறுபாடு உண்டு. ஜிம்மர்மேனுக்கு அறை அவசியம் என்ற எண்ணம் இல்லை. எதிரெதிர்ச் சுருள் உத்தியை மீக்கடத்தியில் செய்து, கவசமே இல்லாத இடத்தில் இதயத்தை அளந்து 1971இல் வெளியிட்டார். மலிவு, எளிது. ஆனால் இரண்டு சுருளின் வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் உடம்பின் ஆழத்திலிருந்து வரும் சிக்னலும் சேர்ந்து கழிந்துபோகும். இதயத்துக்கு ஒப்பேற்றலாம், மூளைக்குக் கஷ்டம். இன்றைக்கு உலகில் எம்இஜி எடுக்கும் இடங்களில் இரண்டையும் சேர்த்துத்தான் வைக்கிறார்கள், ஆனால் அறையை மட்டும் யாரும் விடவில்லை. கோஹன் பக்கம்தான் காலம் தீர்ப்பு எழுதியது என்பது என் எண்ணம்.

அறைக்குள் என்னவெல்லாம் தெரிந்தது

அவ்வளவு அமைதியான இடத்தில் ஆட்களை உட்கார வைத்தபோது எதிர்பாராததும் தெரிந்தது. உடம்பில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள்கள்! வெல்டிங் வேலை செய்தவர்களின் நுரையீரல் காந்தமாகவே தெரிந்தது. 1973இல் கோஹன் இதைப் பற்றி எழுதினார்.

அதிலிருந்து ஒரு யோசனை. ஆபத்தில்லாத அளவு மாக்னடைட் தூளைச் சிலரை மூச்சில் இழுக்க வைத்து, நுரையீரல் அதை எவ்வளவு வேகமாக வெளியேற்றுகிறது என்று மாதக்கணக்கில் காந்த வழியாகவே பின்தொடர்ந்தார்கள். 1979இல் முடிவு வந்தது. ஏறக்குறைய ஒரு வருஷத்துக்குப் பிறகு புகை பிடிக்காதவர்களின் நுரையீரலில் 10 சதவீதத் தூள் மிச்சம். புகை பிடிப்பவர்களிடம் 50 சதவீதம். புகையோடு சேர்ந்து போகிற விஷம் ஒரு பக்கம் இருக்கட்டும், தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வேலையையே நுரையீரல் மறந்துகொண்டிருக்கிறது. இதை ஒரு கத்திக்கீறல் இல்லாமல் எடுத்துக் காட்டியது அந்தக் கவச அறைதான்.

எம்இஜிக்கு இன்று முக்கியமான ஒரு வேலை, மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோய். அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமானால் வலிப்பு மூளையில் எந்த இடத்தில் கிளம்புகிறது என்று தெரிய வேண்டும். ஈஈஜியின் மின்சாரத்தை மண்டை ஓடு கலைத்து மங்கலாக்கிவிடும். காந்தப்புலத்துக்கு மண்டை ஓடு ஒரு பொருட்டே இல்லை, அப்படியே வெளியே வரும். அந்த இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுப்பதில்தான் ஒருவருடைய பேச்சோ கை அசைவோ தங்குமா போகுமா என்பது இருக்கிறது.

அந்த அறைக்குள் போக வேண்டுமானால் பெல்ட், சாவி, கம்பி வைத்த உள்ளாடை எல்லாம் வெளியே. மஸ்காராவும் வெளியே, அதில் இரும்பு ஆக்சைடு இருக்கலாம். இமை தட்டும்போதெல்லாம் மூளை அலையை விடப் பெரிய அலை எழும்.

இப்போ

அறைகள் வளர்ந்தன. 2000இல் பெர்லினில் ஜெர்மனியின் தேசிய அளவியல் நிறுவனம் மியூ மெட்டல் ஏழு கூடு, அலுமினியம் ஒரு கூடு என்று கட்டியது. நம்ம பக்கத்தில் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் ஸ்க்விட்டை அங்கேயே செய்து, கவச அறைக்குள் இதயத்தையும் மூளையையும் அளக்கும் அமைப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள். மகாபலிபுரம் போகிற வழியில் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தால் அணு உலை மட்டும் ஞாபகம் வர வேண்டியதில்லை.

ஸ்க்விட்டுக்கு ஹீலியக் குளிர் வேண்டும் என்பதால் உணர்கருவிகள் ஒரு பெரிய, அசையாத தொப்பிக்குள் இருக்கும். தலையை ஆட்டக்கூடாது. பெரியவர்களுக்கே கஷ்டம், குழந்தையை எப்படி உட்கார வைப்பது? இப்போது ருபிடியம் ஆவியில் லேசர் பாய்ச்சி அளக்கும் சின்ன உணர்கருவிகள் வந்திருக்கின்றன, ஹீலியக் குளிர் இல்லாமலேயே வேலை செய்யும், தலையிலேயே மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அவற்றுக்கு அறையிடம் எதிர்பார்ப்பு இன்னும் அதிகம். ஸ்க்விட் அசையாமல் இருந்ததால் அறைக்குள் மிச்சமிருந்த சில பத்து நானோடெஸ்லாவைப் பொருட்படுத்தவில்லை. தலையோடு நகரும் கருவிக்கு அந்த மிச்சமே போதும், நகரும்போது மூளையை மூழ்கடித்துவிடும்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகமும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து 2018இல் இதற்கு ஒரு வழி காட்டின. கவச அறைக்குள், உட்காருபவரின் இருபக்கமும் கம்பிச் சுருள் பதித்த இரண்டு தட்டையான பலகைகள். மிச்சமிருக்கும் புலத்தை அளந்து, அதற்கு எதிரான புலத்தை அவை உண்டாக்கிக் கழிக்கும். அந்தப் பலகைகளுக்கு நடுவில் ஒருவர் தலையில் உணர்கருவிகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலையை ஆட்டினார், சோம்பல் முறித்தார், டீ குடித்தார், மட்டையை எடுத்துப் பந்து தட்டினார். மூளையின் பதிவு கலையாமல் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த சுவர், அதே மியூ மெட்டல்.